வீட்டுப் புல்தரையும் தெளிப்பான் பாசனச் செலவும்

காவிரியின் இடக்கரையில், ஈரோட்டிற்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், தோட்டத்து வீடுகளின் முன்புறத்தில் புல்தரை அமைத்து, அதற்குத் தெளிப்பான்கள் வைத்து நீர் தூவும் வழக்கம் பரவி வருகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியான இக்காட்சியைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் புல் வளர்க்கும் மிராசுதாரரை அணுகி, அதற்கு மாதம் ஒன்றுக்கு என்ன செலவாகிறது என்று வினவினால், திட்டமான விடை கிடைப்பது அரிது. நிலக்கடலைக்கு எத்தனை தண்ணீர், மஞ்சளுக்கு எத்தனை தண்ணீர் என்று விரல் மடக்கிச் சொல்லக்கூடிய விவசாயியே, வாசற்புல் விஷயத்தில் கணக்கை விட்டுவிடுகிறார். அக்கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர் ஆகும். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே 5 சென்ட் புல்தரையின் பரப்பு சுமார் 200 சதுர மீட்டராகும். சேலம், நாமக்கல் சமவெளிகளில் பங்குனி, சித்திரை மாதத்து வெயிலில், பசுமை குன்றாதிருக்க வேண்டிய புல்லுக்கு நாளொன்றுக்கு உத்தேசமாக 5 மில்லிமீட்டர் நீர் தேவைப்படும். அதாவது 1,000 லிட்டர். தெளிப்பானிலிருந்து கிளம்பும் நீர் முழுவதும் வேருக்குச் சேர்வதில்லை. காற்றில் ஆவியாவதும், எல்லைக்கு வெளியே நடைபாதையிலும் சுவரிலும் விழுவதும் போக, முக்கால் பங்கே பயன்படும் எனக் கொள்ளலாம். ஆகையால் தினமும் சுமார் 1,350 லிட்டர் இறைக்க வேண்டியிருக்கிறது. மாதத்திற்கு இது 40,000 லிட்டராகிறது.

இந்த 1,350 லிட்டர் எவ்வளவு பெரியது என்பதை வேறொரு வகையிலும் அளந்து பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்து வீடுகளில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பதே வைத்துக்கொண்ட அளவு. அந்தக் கணக்கின்படி, 5 சென்ட் புல் ஒரு நாளில் குடிப்பது ஏறத்தாழ 25 பேருக்குரிய நீராகும். ஊராட்சிக் குழாயிலிருந்து எவரேனும் இரவு நேரத்தில் தெளிப்பானுக்கு நீர் எடுப்பாராயின், தெருக்கோடியில் உள்ள வீடுகளுக்குக் காலையில் குழாய் ஏன் வெறுமையாயிருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி மின்சாரச் செலவு. வீடுகளிலும் தோட்டங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் நீரிறைக்கும் யந்திரங்கள் உட்கொள்ளும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கையே நீரை உயர்த்துவதில் செலவிடுகின்றன. எனவே 1,000 லிட்டர் நீரை 100 அடி உயர்த்துவதற்குக் கால் யூனிட் மின்சாரம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், கணக்கு பெரும்பாலும் பிசகாது. ஆயினும் தெளிப்பான் உபயோகிப்பவர் கிணற்றின் ஆழத்தை மட்டும் எண்ணுதல் போதாது. தெளிப்பான் சுழன்று நீரை வீசுவதற்கு அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தமும் குழாயில் நீர் உராய்ந்து செல்வதற்கான சக்தியும் சேர்ந்து, நீரை மேலும் 75 அடி உயர்த்துவதற்குச் சமமாகின்றன. தரையில் நிற்பவர் கண்ணுக்கு நீர் ஆளுயரமே எழும்புகிறது. ஆனால் யந்திரமோ தென்னை மரத்தின் உச்சிக்கு அதனை ஏற்றும் வேலையைச் செய்கிறது.

ஆற்றோரத்துத் திறந்த கிணற்றில் 40 அடியில் நீர் இருப்பதாகக் கொள்வோம். 40 அடியுடன் 75 அடி சேர, 115 அடி. மாதம் 40,000 லிட்டருக்கு ஏறத்தாழ 12 யூனிட் ஆகும். ஆற்றை விட்டு விலகி மேட்டுப் பாங்கான இடத்தில் ஆழ்குழாய்க் கிணற்றில் 400 அடியில் நீர் இருந்தால், மொத்தம் 475 அடி. மாதத்திற்கு 48 யூனிட் வரையில் செல்லும். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி என்று ஏற்பட்டது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய 5 சென்ட் புல்தரை இரண்டு மாதத்தில் 95 யூனிட் வாங்கிக்கொள்வதால், குடும்பத்தின் விளக்குக்கும் மிக்சிக்கும் என்று கிடைத்த சலுகை அநேகமாக முழுவதையும் புல்லே உண்டுவிடுகிறது. அன்றியும் வீட்டு மின்சாரத்தின் விலை அடுக்கடுக்காக ஏறுவதாகையால், புல்லுக்காகச் செலவாகும் யூனிட்டுகள் வீட்டுக் கணக்கை மேலடுக்குக்குத் தள்ளுகின்றன. புல்லின் செலவை யூனிட்டின் சராசரி விலையால் பெருக்குவது தவறு. அவ்வீட்டுக்காரர் செலுத்தும் கடைசி அடுக்கின் விலையாலேயே பெருக்குதல் முறை.

கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்குவோரின் கணக்கு வேறு. 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியானால், மாதத்திற்கு மூன்று லாரிக்கு மேல் வேண்டும். லாரி ஒன்று 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயாகிறது. இவ்வாறு வாங்கிப் புல்லுக்குத் தெளிப்பதைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை.

இலவச மின்சாரம் பெறும் தோட்டத்து மோட்டாரிலிருந்து குழாய் இழுத்து வீட்டுப் புல்தரைக்குப் பாய்ச்சுவோரும் உளர். தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டு எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கப்பட்ட அச்சலுகை பயிர்த்தொழிலுக்காக ஏற்பட்டது. வீட்டு அழகுக்காக ஏற்பட்டதன்று. அந்த இணைப்பைப் பிற காரியங்களுக்கு உபயோகித்தல் விதிமீறலாகும் என்பதை அன்பர்கள் அறிதல் நலம். அதுவுமன்றி, ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஓடவிட்டு, அதன் வாயை முக்கால்வாசி அடைத்து, ஒரே ஒரு தெளிப்பானைச் சுழலவிடுவது, வண்டி மாட்டைப் பூட்டித் தொட்டில் ஆட்டுவதற்கு ஒப்பாகும். மோட்டார் உட்கொள்ளும் சக்தியில் பெரும்பகுதி வீணே கழிகிறது.

கவலை இறைத்த காலத்தில் இவ்விதமான கேள்வி எழவில்லை. இரண்டு எருதுகள் இறங்குதடத்தில் நாள் முழுவதும் ஏறி இறங்கிச் சாலால் மொண்டு கொட்டிய நீரை எவரும் புல்லுக்கு விட்டதில்லை. மாடு களைத்தால் கண்ணுக்குத் தெரியும். மோட்டார் களைப்பது தெரிவதில்லை.

தெளிப்பானே செலவு மிகுந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வயலிலும் தோட்டத்திலும் இது எவ்விடத்தில் லாபம், எவ்விடத்தில் நஷ்டம் என்பதை ஆராய்தல் வேண்டும். மண் வாய்க்காலில் ஓடவிட்டுப் பாத்தியில் பாய்ச்சும்போது இறைத்த நீரில் பாதியே வேருக்குச் சேருவதாகவும், தெளிப்பானில் முக்கால் பங்கு சேருவதாகவும் கொள்வோம். வேருக்கு 3 பங்கு நீர் சேர்ப்பதற்கு வாய்க்காலில் 6 பங்கும் தெளிப்பானில் 4 பங்கும் இறைக்க வேண்டும். 40 அடிக் கிணற்றில், வாய்க்கால் முறைக்கு 6ஐ 40ஆல் பெருக்க 240. தெளிப்பானுக்கு 4ஐ 115ஆல் பெருக்க 460. ஆகவே ஆழமற்ற கிணற்றில் தெளிப்பான் நீரை மிச்சப்படுத்தினாலும் மின்சாரத்தை ஏறத்தாழ இருமடங்கு தின்கிறது. 400 அடி ஆழத்திலோ, வாய்க்காலுக்கு 2,400, தெளிப்பானுக்கு 1,900. இங்கே நீரும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். இரண்டும் சரிசமமாக நிற்கும் ஆழம் 150 அடி. தம் கிணற்றில் கோடையில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அறிந்த எந்த விவசாயியும் இக்கணக்கைத் திண்ணையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆற்றங்கரைக் கிணறு உடையவர் அண்டைக் கிராமத்து மேட்டுக்காட்டுக்காரரைப் பார்த்துத் தாமும் தெளிப்பான் வாங்குவது இதனால்தான் சில சமயம் ஏமாற்றத்தில் முடிகிறது.

இக்கருவி பிறந்த இடமும் இதையே உணர்த்துகிறது. நீர்த்தாரையில் அடிபட்டுத் தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானை ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்பவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வடிவமைத்து 1935ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். மழை குறைந்த அப்பிரதேசத்தின் பழத்தோட்டங்களில் அது செல்வாக்குப் பெற்றது. பிற்பாடுதான் அங்குள்ள வீட்டு வாசல்களுக்கு வந்தது. நம் நாட்டிலும் மலைத்தோட்டங்களில் காப்பிக்கும் தேயிலைக்கும் முதலில் பயன்பட்டு, பின்னரே சமவெளிக்கு இறங்கியது.

வருஷக் கணக்கையும் பார்ப்போம். இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஆவணி முதல் கார்த்திகை வரையில் பெய்கிறது. மழை நீங்கலாகப் புல்லுக்கு ஆண்டில் சுமார் 800 மில்லிமீட்டர் இறைத்துக் கொடுக்க நேரிடும். 5 சென்ட்டுக்குச் சேதாரம் உள்பட இது 2,15,000 லிட்டர். கோடை நிலக்கடலைக்கு ஒரு போகத்திற்கு 500 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், அதே நீரில் தெளிப்பான் வைத்து 8 சென்ட் நிலக்கடலை விளைவித்துவிடலாம். புல்தரையின் மெய்யான விலை மின்சாரச் சீட்டில் இல்லை. அது கிணற்றில் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு ஒன்று மேலும் ஆழப்படுத்தப்பட்டால் பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றில் நீர் இறங்குகிறது, அவரும் ஆழப்படுத்துகிறார். மேட்டூர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாயில் நீர் விடும் மாதங்களில் கிணறுகள் ஊறுவதைக் கண்டு, ஆண்டு முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிப் புல்தரையின் பரப்பைத் தீர்மானிப்பது பொருந்தாது. தை முதல் ஆடி வரையில் கிணறு என்ன தருகிறதோ அதுவே அளவுகோல்.

பள்ளிபாளையத்துக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. இவ்வட்டாரத்தில் பல கிணறுகளின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. சாயக்கழிவு கலந்து நிலத்தடி நீர் கெட்டுவிட்ட இடங்களும் உள. இத்தகைய நீரை வாய்க்காலில் பாய்ச்சினால் மண்ணுக்கு மட்டுமே கெடுதல். தெளிப்பானில் தூவினாலோ இலைமேல் தங்கிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையில் படிந்து, ஓரங்கள் கருகுகின்றன. நீர் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் அதே நீரைத் தூவுவோரைக் காண்கிறோம். கருகல் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவினால், முதலில் கிணற்று நீரை மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்ட தெளிப்பானின் வாயைக் கம்பியால் குத்துதல் கூடாது. துளையின் குறுக்களவு பத்தில் ஒரு பங்கு விரிந்தாலும் அதன் வழியே செல்லும் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகரித்துவிடும். வினிகரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் துலக்குதலே ஏற்றது.

நீர் தூவும் காலம் விடியற்காலையே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று, நடுப்பகலில் தெளிப்பான் நீரைப் பக்கத்து வீட்டு முற்றத்திற்கே கொண்டு சேர்க்கும். அழுத்தம் மிகுந்து நீர் புகைபோலப் பறந்தால் அதைக் குறைக்க வேண்டும்; அழுத்தம் குறைந்து நீர் வளையமாக ஓரத்தில் மட்டும் விழுந்தால் நடுவில் புல் காயும்.

எவ்வளவு நேரம் தூவ வேண்டும் என்பதற்கு யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரே அளவான, நேரான பக்கங்களுள்ள வெறும் டப்பாக்கள் எட்டு அல்லது பத்தைப் புல்தரையில் ஆங்காங்கே வைத்து, அரைமணி நேரம் தெளிப்பானை ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து சராசரி எடுத்தால் போதும். டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் மிகுந்திருந்தால் தெளிப்பான்களை நெருக்கி வைக்க வேண்டும். தினமும் சிறிது நனைப்பதைவிட, நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை 20 அல்லது 25 மில்லிமீட்டர் ஆழ நனைத்தால் வேர் கீழிறங்கும். மேற்பரப்பில் ஆவியாகிப் போவதும் குறையும். மணற்பாங்கான செம்மண்ணில் நீர் வழிந்தோடத் தொடங்கினால் நிறுத்திச் சற்று இடைவெளி விட்டுத் தொடரலாம்.

புல் இனத்தைத் தெரிந்தெடுப்பதிலும் செலவு அடங்கியிருக்கிறது. வயலில் களையென்று நாம் சபிக்கும் அறுகு, வாசலில் மிக நல்ல புல்லாகும். வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். கோடையில் பழுத்துக் கிடந்தாலும் முதல் மழையில் தளிர்க்கும். அதனைச் சித்திரையில் பழுக்கவிடச் சம்மதிப்பவருக்கு மேற்சொன்ன கணக்கில் பாதி உடனே கழிந்துவிடுகிறது. குளியலறை நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக வடியவிட்டுப் புல்லுக்குப் பாய்ச்சலாம். ஆயின் அதனைத் தெளிப்பானில் தூவுதல் சுகாதாரக் குறைவு. குழாய் மூலம் தரையோடு விடுவதே முறை.

பயிருக்காகத் தெளிப்பான் வாங்க விரும்புவோர்க்கு, 2015ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாயி திட்டத்தில் நுண்ணீர்ப் பாசனத்திற்கு மானியம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் ஏனையோர்க்கு 75 சதவிகிதமும் என வகுக்கப்பட்டது. சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பம் செய்துகொள்ளல் வேண்டும். அடங்கல் வழங்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் புலத்தை நேரில் பார்த்து, குறிப்பிட்ட சர்வே எண்ணில் பயிர் நிற்கிறதா, வீட்டு வாசல் நிற்கிறதா என்பதைச் சரிபார்த்தபின் கையொப்பமிடுதல் முறையாகும்.