மின்வில்லும் தொடுமுனைத் தேய்வும்

கோடம்பாக்கம் என்னும் பெயரைக் கேட்டவுடன் படப்பிடிப்பு நிலையங்களே நம் நினைவிற்கு வருவன. முற்காலத்துப் படப்பிடிப்பில் பேரொளி தந்த விளக்குகளுள் கரிவில் விளக்கு ஒன்றாகும். இரு கரிக்கோல்களைத் தொடவைத்துப் பின் சற்றே விலக்கினால், மின்சாரம் இடைவெளிக் காற்றினூடே பாய்ந்து கண்கூசும் ஒளியை வீசும். இதுவே மின்வில் எனப்படும். எரியுங்கால் கோல்கள் தேய்ந்துகொண்டே வருமாதலின், அவற்றை அடிக்கடி நெருக்கிவைத்தல் வேண்டும். விளக்கில் நாம் விரும்பி வளர்க்கும் இவ்வில்லே, நம் இல்லங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் உள்ள மின்முறிப்பான்களில் வேண்டாத விருந்தினனாய்த் தோன்றி, அவற்றின் உறுப்புக்களை அரிக்கின்றது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மின்முறிப்பானாவது, அளவிற்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுங்கால் தானே விலகி அதனை அறுக்கும் கருவி. வீடுகளில் எம்.சி.பி. என வழங்குவது இதன் சிறுவகையே. இதனுள் இரு உலோகத் தொடுமுனைகள் ஒன்றையொன்று அழுத்திநிற்கும். கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், அவை சில நுண்ணிய புள்ளிகளிலேயே உண்மையில் தொடுகின்றன. முனைகள் விலகுங்கால், இறுதியாகத் தொடும் புள்ளியில் மின்னோட்டம் முழுவதும் நெருங்கிப் பாய்ந்து உலோகத்தை உருக்குகின்றது. உருகிய துளி நீண்டு அறுந்து ஆவியாக, அவ்வாவியும் சூடேறிய காற்றும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகின்றன, வில் பிறக்கின்றது. வில்லின் உஷ்ணமோ பல்லாயிரம் டிகிரி. செம்பு 1085 டிகிரி சென்டிகிரேடிலும், வெள்ளி 962 டிகிரியிலும் உருகிவிடும்.

இவ்வில்லை அணைப்பது எங்ஙனம்? நம் வீடுகளுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. ஆகவே நொடிக்கு 100 முறை சூனியநிலையை அடைகின்றது. அவ்வேளையில் இடைவெளி போதிய அளவு குளிர்ந்துவிடின் வில் மீண்டும் மூளாது. நேர்மின்னோட்டத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை. கடற்கரையினின்று கோடம்பாக்கம் வழியே தாம்பரம் செல்லும் பாதையில் 1931-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மின்சார ரயில்கள் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தால் இயங்கியவை. பின்னரே அப்பாதை மாறுமின்சாரத்திற்கு மாற்றப்பட்டது. நேர்மின்சாரத்தை அறுக்க வேண்டுமாயின், வில்லை நீட்டியும் குளிர்வித்தும், வழங்கும் அழுத்தத்தினும் மிகுந்த அழுத்தத்தை அது வேண்டுமாறு செய்தல் வேண்டும்.

சிறு முறிப்பான்களில் இதற்கோர் அழகிய உபாயம் உண்டு. மின்னோட்டத்தின் காந்தவிசையே வில்லைத் தொடுமுனைகளினின்று தள்ளி, வரிசையாய் அடுக்கிய இரும்புத் தகடுகளுக்கிடையே புகுத்துகின்றது. ஒரு பெருவில் பல சிறுவிற்களாய்த் துண்டுபடுகின்றது. ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 20 வோல்ட்டுக்குக் குறையாது வேண்டுமாதலின், பத்துப் பன்னிரண்டு துண்டுகளையும் ஒருங்கே ஊட்ட இயலாது மின்வழி தளர்கின்றது, வில் மாய்கின்றது.

ஆயினும் ஒவ்வொரு முறையும் சிறிது உலோகம் ஆவியாகியும் தெறித்தும் போகின்றது. முனைகளிற் குழியும் மேடும் உண்டாகின்றன. தடை மிகுந்து சூடேறுகின்றது. மூடுங்கால் முனைகள் துள்ளுவதாலும் வில் தோன்றி, உருகிய உலோகம் இறுகி இரண்டையும் ஒட்டவைத்தல் கூடும். இதுவே பெரிதும் அஞ்சத்தக்கது. ஒட்டிய முறிப்பான் ஆபத்து வேளையில் திறவாது. இதனைத் தடுக்கவே வெள்ளியுடன் டங்ஸ்டன், கிராபைட் முதலியவற்றைக் கூட்டித் தொடுமுனைகள் செய்கின்றனர். பெரிய முறிப்பான்களில் முதலில் மூடி இறுதியில் திறக்கும் தனி வில்முனைகளை அமைத்து, தேய்வை அவற்றின்மேற் சுமத்தி, முதன்மை முனைகளைக் காக்கின்றனர்.

ஆதலின், முறிப்பான் விழுந்தவுடன் காரணம் ஆராயாது மீண்டும் மீண்டும் தூக்கிவிடுதல் தகாது. குறுக்குச்சுற்று நீங்காதிருக்க அங்ஙனம் செய்யுந்தோறும், அதன் ஆயுளில் ஒரு பகுதியை நாமே எரித்துவிடுகின்றோம். கருகிய நாற்றமோ மிகுந்த சூடோ காணின், தேர்ந்த மின்பணியாளரைக்கொண்டு அதனை மாற்றுவதே அறிவுடைமை. நம்மைக் காக்கும் காவலன் தன்னைத் தேய்த்தே காக்கின்றான் என்பதை மறவாதிருப்போமாக.