மோட்டார் மேல் விழும் பழி

"அண்ணாச்சி, மோட்டாரைப் போட்டாலே மீட்டர் பறக்குது." தென்காசியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் நான் கோடை முழுக்கக் கேட்கிற புகார் இது. ஈபி பில் கூடினால் பழி முதலில் சம்ப் மோட்டார் மேல்தான். பாதி நேரம் அது நியாயமில்லாத பழி.

1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் வேலையை மட்டும் கணக்குப் பார்த்தால், ஒரு யூனிட்டில் 36-ல் ஒரு பங்கு போதும். மோட்டார் அத்தனை சிக்கனமாக ஓடாது. காயிலில் சூடாக, குழாயில் உராய்வாக, பெரும்பகுதி வீணாகிவிடும். அரை எச்பி மோனோபிளாக் சுமார் 550 வாட் இழுக்கும். 1000 லிட்டர் தொட்டி அரை மணியில் நிரம்பினால் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். தினம் ஒரு தொட்டி என்றாலும் இரண்டு மாத பில்லில் 17 யூனிட்தான்.

அதே தொட்டிக்கு இரண்டு மணி நேரம் ஆனால்தான் வில்லங்கம்.

மேலகரத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான். மாடியில் தண்ணீர் விட்டுவிட்டு, குமிழோடு விழுந்தது. வெளியே சொட்டுக்கூடக் கசிவு இல்லை. சம்பிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினேன். ஓடுகிற மோட்டார் நுரையை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மரையில் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றி இறுக்கியதும் தண்ணீர் முழு வேகத்தில் ஏறியது. காற்று இழுக்கும் மோட்டார் வாட் கொஞ்சம் குறைவாக எடுக்கலாம். ஆனால் நேரம் நான்கு மடங்காகிவிடுகிறதே! ஃபுட் வால்வில் குப்பை அடைத்தாலும், இம்பெல்லர் தேய்ந்தாலும் இதே கதை. முக்கால் இஞ்ச் குழாயும் நேரத்தைக் கூட்டும். அதே அளவு தண்ணீர் 1 இஞ்ச் குழாயில் போனால் உராய்வு ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

உண்மையில் கரண்டை அதிகம் தின்பது சம்பை நிரப்பும் போர் மோட்டார். ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கும். நல்ல சாரலில் போரில் தண்ணீர் மேலே வந்துவிடும். ஐந்தருவி வெறும் பாறையாக நிற்கிற ஏப்ரல், மேயில் கீழே இறங்கிவிடும். 20 மீட்டரிலிருந்து எடுத்த தண்ணீரை 60 மீட்டரிலிருந்து எடுத்தால் வேலை மூன்று மடங்கு. ஃபேனும் ஏசியும் ஓயாமல் ஓடுவதும் அப்போதுதான்.

இங்கேதான் 500 யூனிட் கோடு முக்கியமாகிறது. 2024 ஜூலையில் மாறிய கட்டணத்தில், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் ஏறக்குறைய பாதி விலையில் கிடைத்தது. முழு விலை நாலே முக்கால் ரூபாயை ஒட்டி வந்தது. 501-ஐத் தொட்டால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விட்டது. 500-க்கு மேல் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் அளவில் ஏறியது. ஆக, அந்த ஒரே யூனிட் சுமார் 240 ரூபாய். 480-ல் நிற்க வேண்டிய வீட்டை அந்தப் பக்கம் தள்ள, காற்று இழுக்கும் ஒரு மோட்டார் போதும்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போடுங்கள். காலித் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம், மீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். போர் மோட்டாருக்கும் தனியாக எழுதுங்கள். சம்ப் மோட்டாரின் நேரம் எந்த மாதமும் மாறக்கூடாது. மாறினால் முதலில் சோப்பு நுரையை எடுங்கள்.