குழாயும் கட்டத்துக்குள் வர வேண்டும்: ஒரு நீர்த்தேக்கம் திட்டமிடப்பட்ட ஏழு படிகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டுராங்கோ நகருக்குத் தென்மேற்கே நைட்ஹார்ஸ் ஏரி இருக்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 1,20,000 ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 5.2 டி.எம்.சி. தெற்கு யூட், யூட் மவுண்டன் யூட் என்னும் இரு பழங்குடிகளுக்காகவும், நவஹோ மக்களுக்காகவும், சுற்றியுள்ள ஊர்களுக்காகவும் தேக்கப்பட்ட நீர் இது. இதற்கான அனிமாஸ்–லா பிளாட்டா திட்டத்துக்கு 1968-இல் ஒப்புதல் கிடைத்தது. ஏரி நிரம்பியதோ 2011-இல். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால், பல சமூகங்கள் பங்குபோடும் நீர்த்திட்டத்தை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது தெரியும்.

1. யாருக்கு என்ன பாத்தியதை?

அணைக்கு இடம் பார்ப்பதற்கு முன்பே தீர வேண்டிய கேள்வி இது. பழங்குடிகளுக்கு நிலம் ஒதுக்கினாலே அதற்குத் தேவையான நீரும் ஒதுக்கப்பட்டதாகத்தான் பொருள் என்று 1908-இல் வின்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முந்தியவருக்கே முதல் உரிமை. யூட் மக்களின் உரிமை 1868 வரை பின்னோக்கிப் போகிறது. பெரும்பாலான விவசாயிகளின் உரிமை அதற்குப் பிந்தியது. வழக்கை முற்றவிட்டால் பல வாய்க்கால்கள் காய்ந்துபோகும். அதனால் 1986-இல் உடன்பாடு ஏற்பட்டு, 1988-இல் சட்டமானது. பழங்குடிகள் மூப்புரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுப்பார்கள். பதிலுக்கு அவர்களுக்குத் தேக்கிய நீர் கிடைக்கும்.

2. எடுப்பது எவ்வளவு, திரும்புவது எவ்வளவு?

ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் ஒரு கணக்கு. ஆற்றுக்குத் திரும்பாமல் போகும் நீர் வேறு கணக்கு. வயலில் பயிரும் வெயிலும் குடித்தது திரும்பாது. நகரத்துக்குப் போன நீரில் ஒரு பங்கு சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பிவிடும். கீழே இருப்பவருக்கும் நீர் மிஞ்ச வேண்டிய ஆற்றில், பங்கீட்டை இரண்டாவது கணக்கில்தான் எழுத வேண்டும். இந்தத் திட்டத்திலும் அப்படித்தான் எழுதினார்கள்.

3. எந்தக் கட்டத்தில் யாருக்கு?

1980-இல் வெளியான வடிவத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள், கால்வாய்கள், பெரிய ஆயக்கட்டு எல்லாம் இருந்தன. செலவு தாங்காது என்பதால் அதை இரண்டு கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் மத்திய அரசு பணம் தரும். இரண்டாம் கட்டத்துக்கான பணத்தை மற்றவர்கள் திரட்ட வேண்டும். பின்னால் முதல் கட்டத்துக்குள்ளும் பிரிவுகள் வந்தன. பணம் உறுதியில்லாத கட்டத்தில் ஒருவருடைய பங்கைப் போட்டால், அது வெறும் வாக்குறுதியாகவே நின்றுவிடும். இந்த ஆபத்துக்கு 1988 சட்டத்தில் ஒரு காப்பும் இருந்தது: 2000-ஆம் ஆண்டு பிறப்பதற்குள் வேலை முடியாவிட்டால், பழங்குடிகள் மறுபடி தங்கள் பழைய கோரிக்கையை எழுப்பலாம்.

4. ஆற்றுக்கு எவ்வளவு?

அனிமாஸ் ஆறு கலக்கும் சான் ஹுவான் ஆற்றில் கொலராடோ பைக்மின்னோ என்ற அருகிவரும் மீன் இருக்கிறது. முழுத் திட்டமும் அந்த மீனுக்கு ஆபத்து என்று வனவுயிர்த் துறை 1990-இல் கருத்துத் தெரிவித்தது. ஆண்டுக்கு 57,100 ஏக்கர் அடிக்கு மேல் ஆற்றுக்குத் திரும்பாத பயன்பாடு கூடாது என்று 1991-இல் வரம்பு வந்தது. மேலே உள்ள நவஹோ அணையும் இயற்கையான வசந்தகால வெள்ளத்தைப் போல நீர் திறக்க வேண்டியதாயிற்று. பழைய வரைபடம் அன்றோடு செல்லாததாகிவிட்டது. ஆற்றின் பங்கை இரண்டாம் படியிலேயே ஒதுக்கியிருந்தால் இந்தத் திருத்தம் இவ்வளவு தாமதமாக வந்திராது.

5. வேறு வழி உண்டா?

1996-இல் கொலராடோ ஆளுநர் ரோய் ரோமரும் துணை ஆளுநர் கெயில் ஷெட்லரும் ஆதரவாளர்களையும் எதிர்ப்பாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். சிறிய அணை ஒரு யோசனை. அணையே இல்லாமல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள நீருரிமைகளை வாங்கிப் பழங்குடிகளுக்குத் தருவது மற்றொன்று. கடைசியில் 2000-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சிறிய அணையைத் தேர்ந்தது. நீர்த்தேக்கம் பழைய அளவில் பாதிக்கும் கீழே சுருங்கியது. பாசனம் முழுமையாக நீக்கப்பட்டு, குடிநீருக்கும் தொழிலுக்கும் மட்டும் என்றாயிற்று. இரு யூட் பழங்குடிகளுக்கும் தலா 16,525 ஏக்கர் அடி, நவஹோ மக்களுக்கு 2,340, நியூ மெக்சிகோ பக்கத்து ஊர்களுக்கான சான் ஹுவான் நீர் ஆணையத்துக்கு 10,400. மீதி கொலராடோ மாநிலத்துக்கும் உள்ளூர் நீர் வாரியங்களுக்கும். இப்படிப் பாசனம் இழந்த லா பிளாட்டா ஆற்று விவசாயிகளுக்கு 2014-இல் தனியாகச் சுமார் 5,400 ஏக்கர் அடியில் லாங் ஹாலோ அணை எழுந்தது.

6. கட்டுவது

அனிமாஸ் ஆற்றின் குறுக்கே அணை இல்லை. ஆற்றங்கரையிலிருந்து விநாடிக்கு 280 கன அடி வரை இறைத்து, குழாய் வழியாக மேட்டிலுள்ள பள்ளத்தாக்கில் தேக்கும் முறை இது. ஆற்றில் குறைந்தபட்ச ஓட்டம் இருந்தால்தான் பம்பு ஓடும். பள்ளத்தாக்கில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்புகள் இருந்ததால் அகழாய்வும் திட்டத்தில் சேர்ந்தது. 2003-இல் மதிப்பீடு 33.8 கோடி டாலரிலிருந்து 50 கோடியாக உயர்ந்தது. 270 அடி உயர அணையின் வேலையில் பெரும்பகுதியை யூட் மவுண்டன் யூட் பழங்குடியின் சொந்த நிறுவனமே செய்தது. கூலியும் அனுபவமும் அவர்களிடமே தங்கின. 2009-இல் நீர் ஏற்றத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் ஏரி நிரம்பியது.

7. கொண்டு சேர்ப்பது

ஃபார்மிங்டனிலிருந்து ஷிப்ராக் செல்லும் குடிநீர்க் குழாய் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதனால் சிறிய பங்கு பெற்ற நவஹோ மக்களுக்குக் குழாய் வந்தது. பெரும்பங்கு பெற்ற யூட் பழங்குடிகளுக்கோ ஏரியிலிருந்து தங்கள் நிலத்துக்குக் குழாய் இல்லை. ஏரி நிரம்பிப் பத்தாண்டுக்கு மேலாகியும் அவர்கள் பங்கு பயன்படாமலே கிடந்தது.

இதே 1988 சட்டத்தில் அடங்கிய டொலோரஸ் திட்டம் இதற்கு எதிர்மாறு. மெக்ஃபீ அணையோடு டொவாவோக் ஊருக்குக் குடிநீர்க் குழாயும் பாசனக் கால்வாயும் வந்தன. யூட் மவுண்டன் யூட் மக்கள் அங்கே சுமார் 7,700 ஏக்கரில் பண்ணை நடத்துகிறார்கள். அங்கும் 2021 வறட்சியில் கிடைத்தது வழக்கமான நீரில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே பற்றாக்குறை ஆண்டில் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதையும் உடன்பாட்டிலேயே எழுத வேண்டும்.

எனவே, இப்படி ஒரு திட்ட அறிக்கை கைக்கு வந்தால் அணையின் உயரத்தைப் பிறகு பாருங்கள். கடைமடைக்குப் போகும் குழாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதற்குப் பணம் யார் தருகிறார்கள் என்று முதலில் தேடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.