ஈசி சேரில் சாய்ந்தால் முதுகுக்கு என்ன நடக்கிறது?

சின்னசேலம் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் நுழைந்தால் ‘வாங்க, குந்துங்க’ என்பார்கள். எதில் குந்துவது என்பதற்குத்தான் எத்தனை வழி! வாசலில் திண்ணை, தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில், கூடத்தில் தாத்தாவின் ஈசி சேர், அடுப்படியில் மணை, மூலையில் சுருட்டி நிறுத்திய கோரைப்பாய், விருந்தாளிக்கு இழுத்துப்போட பிளாஸ்டிக் சேர். ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு தாங்கும் அழுத்தம் வெவ்வேறு.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வைத்தான் டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள். அதற்குள் ஊசி செலுத்தி அழுத்தம் பார்க்கும் வேலையை 1960களில் முன்னெடுத்தவர் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் இன்னொரு படி போனார்கள். ஒருவரின் இடுப்பு டிஸ்க்குக்குள் மெல்லிய உணர்கருவியை வைத்து, அவரை நிற்க, உட்கார, சுமை தூக்க, தூங்க வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். காருக்கு அடிக்கும் காற்றைப்போல இரண்டு மடங்கு! சாயாமல் உட்கார்ந்தால் 0.46. நாற்காலியில் சரிந்து சாய்ந்தால் 0.3க்குப் பக்கம். மல்லாந்து படுத்தால் 0.1.

சாயாமல் உட்காருவது நிற்பதைவிட அழுத்தம் கூட்டும் என்றார் நாக்கெம்சன். உல்மில் அப்படித் தெரியவில்லை. அளக்கப்பட்டவர் ஒரே ஒருவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் முதுகைப் பின்னால் சாய்த்தால் பாரம் குறைகிறது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஈசி சேரைத் திருப்பிப் பாருங்கள். பின்கட்டையில் பல் பல்லாக வெட்டியிருப்பார் ஆசாரி. குறுக்குச் சட்டத்தை ஒரு பல் கீழே இறக்கினால் சாய்மானம் கூடும். இடுப்புக்கு மேலுள்ள எடையில் இன்னும் கொஞ்சத்தைக் கித்தான் துணி வாங்கிக்கொள்ளும். தொடைக்கும் உடம்புக்கும் இடையிலான கோணமும் விரியும். செங்கோணத்தில் மடங்கி உட்காரும்போது தட்டையாகிப்போகும் இடுப்பு வளைவு, அந்தக் கோணம் விரியும்போது திரும்பக் கிடைக்கிறது.

அதற்காக நாளெல்லாம் சாய்ந்தே கிடக்கக் கூடாது. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. அதற்குச் சாப்பாடு சுற்றியுள்ள திரவத்திலிருந்து கசிந்துதான் வர வேண்டும். அழுத்தம் ஏறினால் நீர் வெளியேறும், இறங்கினால் உறிஞ்சப்படும். உல்மில் அந்த மனிதர் தூங்கிய 7 மணி நேரத்தில் அழுத்தம் 0.1லிருந்து 0.24க்கு ஏறியது. ஜவ்வு நீர் குடித்து உப்பியிருந்தது. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதும் இதனால்தான். திண்ணையிலிருந்து பாய்க்கும், பாயிலிருந்து கட்டிலுக்கும் மாறிக்கொண்டே இருந்த அந்தப் பழைய வீட்டு வாழ்க்கை டிஸ்க்குக்கு நல்ல தீனி போட்டிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

பாய்க்கு இன்னொரு பெருமை உண்டு. பிரேசிலில் கிளாடியோ அராவ்ஜோ குழுவினர் 51 முதல் 80 வயது வரையான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையை, முழங்காலை ஊன்றாமல் எழுந்தவர்களிடையே, அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. 2012இல் வந்த முடிவு இது. தரையில் உட்கார்ந்ததால் ஆயுள் நீண்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தசைபலமும் மூட்டு வளைவும் உள்ளவர்களை அந்தச் சோதனை அடையாளம் காட்டுகிறது.

மூட்டுவலி வந்த பாட்டிக்கு மணையும் பாயும் ஆகாது. அவருக்குக் கை வைத்த பிளாஸ்டிக் சேர்தான் சரி. அதன் இரு கைகளையும் அழுத்தி எழும்போது முழங்காலுக்குப் போகும் பாரத்தில் ஒரு பங்கைத் தோள்கள் எடுத்துக்கொள்கின்றன.