உங்களுக்குத் தெரியுமா? தூக்கம் வர, படுக்கையைக் குறைக்க வேண்டும்!

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அதில் விசித்திரமான பகுதி, படுத்திருக்கும் நேரத்தையே வெட்டுவது. 8 மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குபவர், சில வாரங்களுக்கு ஐந்தரை மணி நேரம்தான் படுக்க வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, பசியைப்போலத் தூக்கமும் ஏறும். புரண்டு புரண்டு மணி பார்க்கும் பழக்கம் அறும். தூக்கம் தேறியதும் நேரத்தைக் கால் மணி, கால் மணியாகக் கூட்டுவார்கள். மாத்திரையின் பலன் பெரும்பாலும் அதை நிறுத்தும்வரைதான். கற்றுக்கொண்ட பழக்கம் கூடவே இருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் பார்ப்பவருக்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அப்படியே பொருந்தாது. தினமும் ஒரே நேரத்தில் எழுவதுதான் இந்தச் சிகிச்சையின் ஆணிவேர். மாறும் ஷிப்ட் அதையே பிடுங்கிவிடுகிறது. இயந்திரத்தில் நிற்பவரும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவரும், வலிப்பு நோய் உள்ளவரும் தாங்களாகவே தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. ஆனால் பகலில் அறையை இருட்டாக்குவது, இரவுப் பணியின் பின்பாதியில் டீயைத் தவிர்ப்பது, ஆவடிக்கு பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்து காலை வெயிலைத் தடுப்பது ஆகியவை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் உதவும். பலத்த குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால் கதையே வேறு. அதற்கு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.