வெளியீட்டுக்கு முந்திய செல்வாக்கு: ‘தி பேஸ்மென்ட் டேப்ஸ்’ ஒலிநாடாக்களும் பதிப்புச் சிக்கலும்

ஓர் இசைத்தொகுப்பின் செல்வாக்கை அது வெளிவந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். பாப் டிலனும், பின்னாளில் ‘தி பேண்ட்’ எனப் பெயர்பெற்ற குழுவினரும் 1967இல் பதிவுசெய்த நாட்டார்-ராக் பாடல்கள் இவ்வழக்கிற்குள் அடங்குவதில்லை. அவை ‘தி பேஸ்மென்ட் டேப்ஸ்’ என்னும் இசைத்தட்டாக முறைப்படி வெளிவந்தது 1975இல். அதற்குள் அவற்றின் தாக்கம் பரவிவிட்டிருந்தது. இம்முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1966 ஜூலையில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் டிலன் மேடையை விட்டு விலகி, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் வாழ்ந்தார். அருகில், குழுவினர் வாடகைக்கு எடுத்திருந்த ‘பிக் பிங்க்’ வீட்டின் நிலவறையில் பெரும்பாலான பதிவுகள் நிகழ்ந்தன. ஒலிப்பதிவைக் கவனித்தவர் குழுவின் ஆர்கன் கலைஞர் கார்த் ஹட்சன். பழைய நாட்டார் பாடல்களும் அங்கேயே பிறந்த புதுப்பாடல்களும் ஒன்றோடொன்று கலந்தே நாடாவில் ஏறின. வெளியிடும் எண்ணமின்றிப் பாடியதால் வந்த கலப்பு இது. ஒலிக்கூடத்தில் இது வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

இவற்றுள் 14 பாடல்கள், பிற கலைஞர்கள் பாடுவதற்கென மாதிரிப்படிகளாக அனுப்பப்பட்டன. 1968இல் மான்ஃப்ரெட் மான் குழு பாடிய ‘மைட்டி க்வின்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1969இல் ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்னும் திருட்டு இசைத்தட்டு இப்பாடல்கள் சிலவற்றைப் பொதுக் கேட்போரிடம் சேர்த்தது. படிவழிப் பரவலின் இயல்புக்கேற்பப் பாடவேறுபாடும் தோன்றியது. ‘யூ எய்ன்ட் கோயின் நோவேர்’ பாடலை 1968இல் ‘தி பேர்ட்ஸ்’ குழு பாடியபோது ஒரு வரியில் சொற்கள் இடம்மாறின. 1971இல் அதே பாடலை மீண்டும் பதிவுசெய்த டிலன், அவ்வரியில் அதைப் பாடிய ரோஜர் மெக்குயினின் பெயரையே சேர்த்துக் கேலிசெய்தார். ஏட்டுப்பிழைக்கு ஆசிரியரே உரையெழுதியது போன்ற அரிய நிகழ்வு இது.

1975ஆம் ஆண்டு வெளியீட்டை மூலபாடமாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. அதன் 24 பாடல்களுள் 8 குழுவினர் தனித்துப் பாடியவை. அவற்றுள் சில நிலவறையில் பதிவானவையல்ல. சில பாடல்களுக்குப் பிற்காலத்தில் இசைக்கருவிகள் கூட்டப்பட்டன. பெரும்புகழ் பெற்ற ‘மைட்டி க்வின்’, ‘ஐ ஷல் பி ரிலீஸ்டு’ ஆகிய இரண்டும் அதில் இடம்பெறவேயில்லை. ஆகவே செல்வாக்கை ஆராய்வோர் அந்த 14 பாடல் மாதிரிப்படியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1975 வெளியீட்டை 1975இன் பதிப்பாகவே கொள்ளுதல் தகும். 2014இல் 6 குறுந்தட்டுகளாக வந்த முழுத்தொகுப்பு, ஒரே பாடலின் வெவ்வேறு வடிவங்களை அடுத்தடுத்துத் தருவதால் இவ்வொப்பீடு இன்று எளிதாகியுள்ளது.