சூளைப் புகையும் மானின் பல்லும்

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகளை மூட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் உத்தரவிட்டது. யானைகளின் வழித்தடமும் தோண்டப்பட்ட செம்மண்ணும்தான் அப்போது அதிகம் பேசப்பட்டன. சூளைப் புகையையும் விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது.

களிமண்ணில் இயற்கையாகவே சிறிதளவு ஃபுளூரின் உண்டு. சூளையில் மண் வேகும்போது அது வாயுவாக வெளியேறி, சுற்றிலும் உள்ள புல்லிலும் தழையிலும் சேர்கிறது. அளவு மிகுந்தால் இலையின் நுனியும் ஓரமும் கருகும். அந்தப் புல்லையே தொடர்ந்து மேயும் விலங்குகளுக்குப் பல் கறைபட்டுத் தேயும். எலும்பு பருத்து நடை தளரும். பல் உருவாகும் பருவத்தில் உள்ள குட்டிகளுக்கே பாதிப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் அலுமினிய உருக்காலை அருகே மேய்ந்த கங்காருகளிடம் இந்தப் பாதிப்பு பதிவாகியுள்ளது.

காட்டு மானின் வாயைத் திறந்து பார்க்க முடியாது. அதே புல்லை மேயும் நம் மாட்டின் பல்லைப் பார்க்கலாம். சூளைக்கு அருகில் கால்நடை வளர்ப்போர், பல்லில் பழுப்புக் கறையோ காரணம் தெரியாத நொண்டலோ கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஃபுளூரைடு இருக்கலாம் என்பதால், தண்ணீரையும் தீவனத்தையும் சேர்த்தே பரிசோதனைக்கு அனுப்புங்கள். அறுத்த புல்லைக் கழுவிப் போட்டால் மேலே படிந்த தூசியாவது போகும்.